சம்ப்பில் தண்ணீர் குறைகிறதா? கடப்பாரைக்கு முன் ஒரு குச்சி

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில், பழைய வீடு. வாங்கிக் குடிவந்த மூன்றாம் மாதம், சித்திரை வெயிலில், சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் குறைவதைக் கவனித்தேன். ராத்திரி படுக்கும்போது கழுத்து வரை இருக்கும். காலையில் பார்த்தால் ஒரு சாண் கீழே. மோட்டார் போடவில்லை, யாரும் மொள்ளவும் இல்லை. கூப்பிட்டதும் வந்த ப்ளம்பர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, அரை நிமிடம் பார்த்தார். "அடியில விரிசல் சார். பக்கத்துல தோண்டிப் பார்த்துடலாம்" என்றார். மறுநாள் கடப்பாரையோடு ஆள் வந்து, வாசல் ஓடுகளை உடைத்து மூன்றடி தோண்டினார்கள். வந்த மணல் காய்ந்து, விரலிடுக்கில் பொலபொலவென்று ஓடியது. ஒரு ராத்திரிக்கு அறுநூறு லிட்டர் குடிக்கிற மணல் அப்படியா இருக்கும்? குழியை மூடிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு குச்சியும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். புதிதாகத் தனிவீட்டுக்கு வந்திருப்பவர்கள், சம்ப் என்றால் மூடி மட்டுமே பார்த்திருப்பவர்கள், இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஆள் கூப்பிடுவதற்கு முன்பே விஷயம் பிடிபட்டுவிடும்.

உள்ளே மட்டும் இறங்காதீர்கள்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லும் எல்லாச் சோதனையும் மேலே நின்றபடி செய்யக்கூடியவை. மூடிக் கிடந்த சம்ப்பில் காற்று கெட்டிருக்கும். இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். கழுவவோ பூசவோ ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூடியைப் பல மணி நேரம் திறந்து வையுங்கள், மின்விசிறியால் காற்று அடியுங்கள், இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். டீசல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. நீர்மூழ்கி மோட்டார் இருந்தால், கையையோ குச்சியையோ விடுமுன் போர்டில் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். சோதனை நடக்கிற நாட்களில் மூடியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் போகும் பாதை

ஒரு தாளில் படம் போடுங்கள். தெருவில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய், அதிலிருந்து வீட்டு இணைப்பு, சம்ப், மோட்டார், மேலே ஏறும் குழாய், மொட்டைமாடித் தொட்டி, அங்கிருந்து இறங்கும் குழாய்கள். பழைய வீடுகளில் இதற்கு நடுவே ஓர் அடிபம்பு, யாரோ போட்டு மறந்த ஒரு ‘T’ வடிவக் குழாய் இணைப்பு, பின்பக்கம் துணி துவைக்கும் தொட்டிக்கு ஒரு கிளை என்று ஏதாவது இருக்கும். பக்கத்தில் பத்து வருடமாக இருப்பவரைக் கேளுங்கள். "அந்த மூலையில ஒரு பழைய பைப்பு இருந்துச்சே, அடைச்சாங்களா?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கே ஒரு டீ வாங்கித் தரலாம்.

"சம்ப்பில் தண்ணீர் குறைகிறது" என்பது வேறு, "சம்ப் ஒழுகுகிறது" என்பது வேறு. அந்தப் பாதையில் எந்த இடத்தில் போனாலும், கண்ணுக்குத் தெரிவது சம்ப்பில் குறையும் தண்ணீர்தான்.

அளவு எடுப்பது

"ஒரு சாண்", "நாலு விரல்" என்று பேசுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. சம்ப்பின் உள்நீளம், உள்அகலம் எத்தனை அடி என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி, வருவதை 2.36 ஆல் பெருக்கினால், ஓர் அங்குலத் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். எங்களுடையது 6 அடிக்கு 5 அடி. 30 சதுர அடி. அங்குலத்துக்கு ஏறக்குறைய 71 லிட்டர். ராத்திரியில் அரை அங்குலம் குறைந்தாலும், ஏழு மணி நேரத்தில் 35 லிட்டர். நாளைக்கு 120, மாதத்துக்கு 3,600. ஒரு 6,000 லிட்டர் லாரியில் பாதிக்கு மேல் மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம்.

குச்சி எதுவானாலும் சரி. நான் எடுத்தது ஒரு மரச்சட்டம், அதில் அங்குலக் கோடு போட்டேன். விடுவதற்கு முன் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டால், நனைந்த இடம் கறுத்துத் துல்லியமாகத் தெரியும். மூடி விளிம்பில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அதே இடத்தில், அடி தொடும் வரை செங்குத்தாக விடுங்கள். சம்ப் தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும், இடம் மாறினால் அளவும் மாறும்.

ஒரு ராத்திரிச் சோதனை

மெட்ரோ தண்ணீர் உங்கள் தெருவுக்கு எந்த நேரம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் சோதனை வேண்டாம். மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்தி, ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். தெரு இணைப்பில் வால்வு இருந்தால் மூடுங்கள். குடிக்கவும் காலைக்கடனுக்கும் இரண்டு குடம், ஒரு பக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல் எல்லோரும் படுத்துவிட வேண்டும். மாடியில் குடித்தனக்காரர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு ஃப்ளஷ் சத்தம் கேட்கும், கணக்கு போய்விடும்.

பத்து மணிக்கு இரண்டு தொட்டியிலும் அளவு எடுங்கள். காலை ஐந்து மணிக்கு மறுபடி.

மேல்தொட்டி அப்படியே இருந்து சம்ப் மட்டும் குறைந்திருந்தால், சந்தேகம் சம்ப் மீதும் அதில் நுழையும் குழாய்கள் மீதும்தான். சம்ப் அப்படியே இருந்து மேல்தொட்டி இறங்கியிருந்தால், சம்ப்பை மறந்துவிட்டு வீட்டுக்குள் தேடுங்கள். மேல்தொட்டி இறங்கி, சம்ப் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம்: ஏறும் குழாயின் முனை மேல்தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது, தண்ணீர் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வும் வேலை செய்யவில்லை, தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது. முனையைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தினால் நிற்கும். இரண்டும் அசையவில்லை என்றால், பகலில் உங்கள் வீட்டில் நிஜமாகவே அவ்வளவு செலவாகிறது. அல்லது மோட்டார் ஓடும்போது மட்டும் போகிறது, இல்லாவிட்டால் நீங்கள் மூடி வைத்த தெரு இணைப்பு வழியாகப் போகிறது. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ராத்திரி போதாது. இரண்டு மூன்று ராத்திரி ஒரே மாதிரி வந்தால்தான் நம்புங்கள்.

எந்த மட்டத்தில் நிற்கிறது?

சம்ப்தான் என்று முடிவானால், அடுத்து செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நிரப்பிவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு, சம்ப்பை அதன் போக்கில் இறங்க விடுங்கள். காலை மாலை அளவு எழுதுங்கள். தண்ணீர் உயரமாக நிற்கும்போது அழுத்தம் அதிகம், வேகமாகப் போகும். இறங்க இறங்க வேகம் குறையும். ஓட்டை இருக்கும் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். தோண்டாமலே ஓட்டையின் உயரம் கிடைத்துவிடுகிறது.

மேலிருந்து சில அங்குலத்தில் நின்றால், மூடிப் பலகையும் சுவரும் சேரும் இடம், ஓவர்ஃப்ளோ குழாய், மோட்டார் ஒயர் நுழையும் துளை. இவற்றில் ஏதாவது ஒன்று. பழைய செங்கல் சம்ப்களில் அந்தச் சேர்மானத்தைச் சரியாகப் பூசியிருக்க மாட்டார்கள். தளும்ப நிரப்பாமல் நாலு விரற்கடை குறைத்து வைத்தாலே அன்றைய பிரச்சினை தீரும், பூச்சை அப்புறம் பார்க்கலாம். நடுவில் நின்றால், அந்த மட்டத்தில் ஒரு குழாய் நுழைகிறதா என்று பாருங்கள். பிவிசி குழாயின் வழுவழுப்பில் சிமென்ட் ஒட்டாது, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். அல்லது சுவரைக் கட்டும்போது ஒரு நாள் நிறுத்தி மறுநாள் தொடர்ந்த கிடைமட்ட இணைப்பாக இருக்கும். கடைசி வரை நிற்காமல் போனால் தரையும் சுவரும் சேரும் மூலை, அல்லது தரை. பக்கத்தில் அரசங்கன்றோ வேம்போ முருங்கையோ இருந்தால் வேரையும் கணக்கில் எடுங்கள்.

தெருக்குழாய் திருப்பி இழுக்கிறதா?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் சம்ப் தினமும் ஒரு சாண் இறங்கி, அதே மட்டத்தில் நின்றது. மூன்று நாளும் அதே மட்டம். டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தேன், அந்த உயரத்தில் விரிசல் இல்லை. இருந்தது ஒரு குழாயின் வாய். மெட்ரோ தண்ணீர் விழும் குழாயில், முன்பு இருந்தவர் ஒன்றரை அடித் துண்டு ஒன்றை ஒட்டி, வாயைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார். பின்னிரவில் தண்ணீர் வரும்போது சலசலவென்று சத்தம் கேட்கக்கூடாதாம். மிதவை வால்வு என்பது வெறும் பந்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருக்குழாயில் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். சப்ளை நின்று குழாய் காலியானதும், முங்கிய வாய் வழியாக அதே தண்ணீர் வெளியே இழுக்கப்படும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி விட்டால் பக்கெட்டிலிருந்து தண்ணீர் இறங்குமே, அதே சங்கதி. தெருவில் யாராவது மெட்ரோ இணைப்பில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால், அது பொதுக்குழாயை மட்டும் உறிஞ்சாது, உங்கள் சம்ப்பையும் உறிஞ்சும். அப்படி மாட்டுவதற்குத் தடை இருக்கிறது. இருந்தாலும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்தபோது விடியற்காலையில் எங்கள் பக்கத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த மோட்டார்களின் உறுமல் நன்றாகத் தெரியும்.

எனக்குச் செலவானது ஒரு ஹாக்ஸா பிளேடும் ஒரு மிதவை வால்வும். குழாய் வாயைச் சம்ப்பின் அதிகபட்ச மட்டத்துக்கு மேல் ஒரு சாண் இருக்கும்படி வெட்டினேன். சத்தம் கேட்கிறது. பழகிவிட்டது. இழந்த தண்ணீரைவிடப் பெரிய விஷயம், தெருக்குழாய் எங்காவது சாக்கடைப் பக்கம் உடைந்திருந்தால் அந்த அழுக்கும் இதே பாதையில் வீடு வீடாகப் போய்வரும் என்பது. சம்ப் ஒழுகாதவர்களும் இந்த ஒன்றை மட்டும் இன்றே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேசரிப் பவுடர்

சந்தேகப்படும் மட்டம் தெரிந்த பிறகு, சரியான இடத்தைக் காட்டுவது மளிகைக் கடையில் கிடைக்கும் கேசரிப் பவுடர். கொஞ்சம் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்து, பழைய சொட்டு மருந்து ஃபில்லரிலோ மெல்லிய டியூபிலோ எடுத்து, குச்சியில் கட்டி இறக்கி, விரிசல் பக்கத்தில் மெதுவாக ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும், மோட்டார் ஓடக்கூடாது. சாயம் அங்கேயே புகைபோல மிதந்தால் அந்த இடத்தில் ஒழுக்கு இல்லை. கோடாக நீண்டு சுவருக்குள் போனால், அதுதான் இடம். குழாய் நுழையும் எல்லா இடத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குச்சி, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு செய்கிற வேலை இது. வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள்.

பின்பக்கம் மூடியில்லாத துவைக்கும் தொட்டி இருந்து, அதில் குறைகிறது என்றால் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் நாளைக்கு அரை சென்டிமீட்டர், சில நாள் அதற்கு மேலும், ஆவியாகவே போய்விடும். தொட்டிக்குள் ஒரு செங்கல் போட்டு, அதன்மேல் அதே தண்ணீர் நிரப்பிய வாளியை வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் சூரியன்தான் திருடன். தொட்டி அதிகமாக இறங்கியிருந்தால், அந்த மீதி ஒழுக்கு. நீச்சல் குளம் பராமரிப்பவர்கள் செய்வதும் இதே வாளிச் சோதனைதான். மூடிய சம்ப்பில் ஆவி என்ற பேச்சே கிடையாது.

ஐப்பசியில் ஒழுகாத சம்ப்

"மழைக்காலத்துல சரியாயிடுச்சு" என்று சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். வடசென்னையில் அது நிம்மதிப்பட வேண்டிய செய்தி அல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் மாதிரி தாழ்வான இடங்களில், ‘ஓட்டேரி நல்லா’ என்கிற ஓடையும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிறைந்து ஓடும் நாட்களில், நிலத்தடி நீர் சம்ப்பின் அடியைவிட மேலே வந்துவிடும். வெளியே தண்ணீர் உயர்ந்ததும் ஒழுக்கு நிற்கும், பிறகு திசை மாறும். சித்திரையில் உங்கள் தண்ணீர் வெளியே போன அதே ஓட்டை வழியாக, கார்த்திகையில் தெருத் தண்ணீர் உள்ளே வரும். தெருத் தண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைப் பிடிக்க, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும், பேனா மாதிரி இருக்கும், விலை அதிகமில்லை. மெட்ரோ தண்ணீர் நிரம்பியதும் ஒரு முறை, இரண்டு நாள் புதுத் தண்ணீர் விடாமல் வைத்து ஒரு முறை அளவெடுங்கள். 400 என்று இருந்தது 700 ஆகியிருந்தால் வெளித்தண்ணீர் கலக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் ஏறிப் பல காலம் ஆகிவிட்டதால், வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். சம்ப்பில் போர் தண்ணீரையும் சேர்த்து விடுபவர்களுக்கு இந்தச் சோதனை குழப்பும், அந்த இரண்டு நாள் போரை நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டிடிஎஸ் காட்டுவது உப்பை, கிருமியை அல்ல. எண் ஏறாவிட்டாலும் மணமோ நிறமோ மாறியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மெட்ரோ வாட்டர் புகார் எண் 044-45674567, கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ரிப்பேருக்கென்று சம்ப்பை முழுக்கக் காலி செய்யாதீர்கள், அதிலும் ஃபைபர் தொட்டியைப் புதைத்து வைத்திருப்பவர்கள். சுற்றிலும் தண்ணீர், உள்ளே காற்று என்றால் தொட்டி படகுதான், மேலே தூக்கிக்கொண்டு வரும். வேலையை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தொட்டிப் பக்கம்

ராத்திரிச் சோதனையில் மேல்தொட்டி இறங்கியவர்களுக்கு முதல் சந்தேகம் கழிவறை ஃப்ளஷ் தொட்டி. சொட்டு சத்தம் கேட்காது, கோப்பையின் பின்சுவரில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ளஷ் தொட்டிக்குள் கேசரிப் பவுடரைப் போட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் போய்விட்டது. மாற்றுவது பத்து நிமிட வேலை. அப்புறம் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயின் கேட் வால்வையும் ஒரு ராத்திரிக்கு ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடிய ராத்திரியில் குறையவில்லையோ, அந்தக் குழாயில் குறை. சுவரில் ஈரம், உப்புப் பூத்த பெயின்ட் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் போகிறதா என்பதற்கு ஒரு கணக்கு. உருளைத் தொட்டியின் குறுக்களவு மூன்றரை அடி என்றால் அதில் ஓர் அங்குலம் ஏறக்குறைய 23 லிட்டர். எங்கள் சம்ப்பில் ஓர் அங்குலம் 71 லிட்டர். ஆக, சம்ப் ஓர் அங்குலம் இறங்கினால் மேலே மூன்று அங்குலம் ஏற வேண்டும். குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, கால் மணி நேரம் மோட்டார் போட்டு இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டு அங்குலம்தான் ஏறியது என்றால், ஏறும் குழாய் தரைக்கடியில் எங்கேயோ விட்டிருக்கிறது. மோட்டாரிலிருந்து சுவர் வரை புதைந்திருக்கும் அந்த நாலைந்து அடிதான் வழக்கமான இடம்.

கொத்தனார் வரும்போது

"சம்ப் ஒழுகுது, பாருங்க" என்று சொன்னால் உள்ளே முழுக்க ஒரு கோட் பூசிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். "அடியிலிருந்து மூன்றடி நாலு அங்குலத்தில், மோட்டார் பக்கச் சுவரில், பைப் நுழையுற இடம்ணே" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். விரிசலின் மேல் அப்படியே பூசக் கூடாது. உளியால் பள்ளமாக வெட்டி, தூசியைக் கழுவி, சுருங்காத சாந்தால் அடைக்கச் சொல்லுங்கள். பிவிசி குழாய் என்றால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஒட்டும் சொல்யூஷன் தடவி மணல் தூவிக் காயவிட்டு அதன் பிறகு பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசினால் நிற்கும். உள்ளே பூசும் ரசாயனம் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றதா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள். முதல் நிரப்பைக் கழுவிக் கொட்டிவிட வேண்டியதுதான்.

வேலை முடிந்து நிரப்பியதும் மறுநாளே குச்சியை விட்டுப் பார்த்து, "மறுபடி குறையுது!" என்று கொத்தனாருக்குப் போன் போடாதீர்கள். புதுப் பூச்சும் கான்கிரீட்டும் முதலில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 3370 கூட அப்படி ஊறுவதற்கு ஏழு நாள் ஒதுக்கிவிட்டுத்தான் அளவெடுக்கச் சொல்கிறது. எட்டாம் நாள் மட்டத்தைக் குறித்து, இன்னும் ஏழு நாள் பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மூடியின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்தால், அடுத்த சித்திரையில் தேட வேண்டியிருக்காது.